யார் சட்டையில் கேமரா?



ஆண்டு மலர் என்றால் கவிதை, துணுக்கு, குரூப் போட்டோ, கடைசிப் பக்கத்தில் ஆட்டோகிராஃப். இதற்கு நடுவில் அமெரிக்கச் சட்டத்தைப் பற்றி ஒருவன் பக்கம் பக்கமாக எழுதினால் புரட்டிவிட்டுப் போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன! ஆனாலும் எழுதுகிறேன். இது நம்ம லேபில் கிடக்கிற ஒரு சமாசாரத்தில் தொடங்கி அரசியல் சட்டம் வரைக்கும் போகிற விஷயம். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவர்களுக்கு முதல் பாதி, யூனியன் தேர்தலில் நிற்கிறவர்களுக்கு இரண்டாம் பாதி என்று பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம், சிகாகோ நகரம், ஏதோ ஒரு தெரு. அங்கே இரண்டு சீருடைக்காரர்கள் நிற்கிறார்கள். ஒருவர் நகரப் போலீஸ். இன்னொருவர் மத்திய அரசின் குடியேற்ற அமலாக்க அதிகாரி. இரண்டு பேர் இடுப்பிலும் துப்பாக்கி இருக்கிறது. இரண்டு பேருமே ஆளைப் பிடித்து விலங்கு மாட்டலாம். நகரப் போலீஸ்காரர் நெஞ்சில் பாடி கேமரா இல்லாமல் ரோந்து போனால் அது மாநிலச் சட்டப்படி தப்பு. மத்திய அதிகாரி கேமரா இல்லாமல் வந்தால் அதே மாநிலச் சட்டம் அவரைப் பார்த்து வாயைத் திறக்க முடியாது. தெரு ஒன்றுதான், அடிபடுகிறவனுக்கு வலியும் ஒன்றுதான், ஆனால் ஒரு பக்கம்தான் சாட்சி! இது ஏன் இப்படி, மாநிலங்கள் இதை மாற்ற என்னென்ன செய்து பார்க்கின்றன என்பதுதான் கட்டுரை.

முதலில் கருவியைப் பார்ப்போம். பாடி கேமரா என்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. நெஞ்சில் மாட்டிக்கொள்வது. நடுவில் ஒரு பெரிய பொத்தான். பொத்தானை அழுத்தினால் பதிவு ஆரம்பிக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கேமராவை ஆன் செய்து மாட்டிவிட்டாலே அது படம் பிடித்துக்கொண்டேதான் இருக்கிறது, சேமிப்பதுதான் இல்லை. மெமரியில் ஒரு வட்டம். 30 விநாடிக்கான படம் அதில் எழுதப்படும். 31-வது விநாடி வந்ததும் முதல் விநாடியின் மேலேயே எழுதும். நம்ம மைக்ரோகண்ட்ரோலர் லேபில் ரிங் பஃபர் என்று ஒரு புரோகிராம் போட்டோமே, அதேதான். அதிகாரி பொத்தானை அழுத்தியதும் வட்டம் வெட்டப்பட்டு, அழுத்துவதற்கு முந்தைய 30 விநாடியும் சேர்ந்தே கோப்பில் விழும். அதாவது சண்டை ஆரம்பித்த பிறகு பொத்தானைத் தொட்டாலும், சண்டையை யார் ஆரம்பித்தார்கள் என்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும். பல மாடல்களில் இந்த முன் பகுதிக்கு ஒலி இருக்காது. அதிகாரி சாப்பிடும்போது பேசிய வீட்டுக்கதை எல்லாம் கோர்ட்டுக்குப் போகக் கூடாது என்பதற்காக.

இல்லினாய் மாநிலச் சட்டத்தைப் படித்தால் ஏதோ டெண்டர் ஸ்பெசிஃபிகேஷன் படிப்பது போல இருக்கும். முன்பதிவு குறைந்தது 30 விநாடி. தொடர்ந்து 10 மணி நேரமாவது பதிவு செய்யும் திறன். படத்தை 90 நாள் வைத்திருக்க வேண்டும். புகாரோ துப்பாக்கிச் சூடோ இருந்தால் 2 ஆண்டு. சட்டம் எழுதுகிறவர்கள் பேட்டரியைப் பற்றியும் பஃபரைப் பற்றியும் கவலைப்பட்டிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம். ஷிஃப்ட் முடிந்ததும் கேமராவை டாக்கில் செருகினால் சார்ஜும் ஏறும், படமும் சர்வருக்குப் போகும். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஹேஷ் எண் போடப்படும். படத்தில் ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் மாறிப்போகும். யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்பதும் பதிவாகும். இவ்வளவு பந்தோபஸ்து செய்த கருவியில் பலவீனமான பாகம் எது தெரியுமா? டேட்டாஷீட்டில் இல்லாத அந்த விரல்தான்! அழுத்த வேண்டும் என்று யார் கட்டளையிடுவது, அழுத்தாவிட்டால் யார் கேட்பது? இனிமேல் வருவதெல்லாம் அந்த விரலின் கதை.

மாநிலங்கள் தங்கள் போலீசுக்குக் கேமரா மாட்டியது சும்மா வந்துவிடவில்லை. 2014 ஆகஸ்டில் மிசௌரி மாநிலத்து ஃபெர்குசன் ஊரில் 18 வயதுக் கறுப்பினப் பையன் ஒருவன் போலீஸ் சுட்டு இறந்தான். என்ன நடந்தது என்பதற்குப் படமே இல்லை, ஆளுக்கொரு சாட்சி. அதே அக்டோபர் 20-ல் சிகாகோவில் 17 வயதுப் பையன் மீது ஒரு போலீஸ்காரர் 16 குண்டுகள் சுட்டார். கத்தியோடு பாய்ந்து வந்தான் என்றது போலீஸ் தரப்பு. ஆனால் போலீஸ் காரில் இருந்த கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதில் பையன் விலகி நடந்து போகிறான். ஒலி பதிவாகவே இல்லை, படம் மட்டும். அந்தப் படம் கோர்ட் உத்தரவுக்குப் பிறகு 2015 நவம்பரில்தான் வெளியே வந்தது. நடுவில் 13 மாதம்! சுட்டவருக்கு 2018-ல் கொலைக் குற்றம் உறுதியானது. படம் வராமலே இருந்திருந்தால்...? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

2015 ஏப்ரலில் தென் கரோலினாவில், ஓடிப்போகிற நிராயுதபாணி ஒருவரைப் போலீஸ்காரர் முதுகில் சுட்டதை வழியில் போனவர் செல்போனில் எடுத்துவிட்டார். இரண்டே மாதத்தில், மாநிலம் முழுவதும் போலீசுக்குப் பாடி கேமரா கட்டாயம் என்று சட்டம் போட்ட முதல் மாநிலம் தென் கரோலினா ஆனது. இல்லினாய் 2015-ல் விதிமுறைகளை எழுதியது, 2021-ல் எல்லாப் போலீஸ் துறைக்கும் கட்டாயமாக்கி 2025 ஜனவரி 1 வரை தவணை கொடுத்தது. கொலராடோ, நியூ மெக்சிகோ, நியூ ஜெர்சி, மேரிலாண்ட் என்று பிறகு பல மாநிலங்கள் வரிசையில் நின்றன.

கேமரா மாட்டினால் போலீஸ் திருந்திவிடுமா? இதில் இரண்டு ஆய்வுகளை எல்லோரும் சொல்வார்கள். கலிஃபோர்னியாவில் ரியால்டோ என்ற சின்ன ஊரில் 2012 முதல் ஒரு வருஷம், எந்த ஷிஃப்டுக்குக் கேமரா என்று குலுக்கிப் போட்டுச் சோதித்தார்கள். பலப்பிரயோகம் முந்தைய ஆண்டைவிடப் பாதிக்கும் கீழே போயிற்று, பொதுமக்கள் புகார் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகச் சுருங்கியது. உலகமே கை தட்டியது. பிறகு தலைநகர் வாஷிங்டனில் 2000-க்கும் மேற்பட்ட போலீசாரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2017-ல் வெளிவந்தது. கேமரா உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை என்றது! இதை வைத்துக்கொண்டு 'கேமராவால் பிரயோஜனமில்லை' என்று வாதாடுகிறவர்கள் உண்டு. தெர்மாமீட்டர் வைத்ததும் ஜுரம் இறங்கவில்லை என்று அதைத் தூக்கிப் போடுவோமா? எவ்வளவு ஜுரம் என்று நாளைக்கு டாக்டரிடம் சொல்ல அது வேண்டும். நடந்தது என்ன என்று பின்னால் தீர்ப்பதற்கு ஒரு பதிவு, அதுதான் கேமராவின் வேலை என்பது என் கருத்து.

இப்போது மத்திய அரசின் பக்கம் வருவோம். மாநிலங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது மத்திய அமைப்புகள் நடந்துகூட வரவில்லை. எஃப்.பி.ஐ., போதைப்பொருள் தடுப்புப் பிரிவான டி.இ.ஏ., மார்ஷல்கள் இவர்களுடன் சேர்ந்து நகரப் போலீசாரும் கூட்டுப் படையில் வேலை செய்வதுண்டு. அந்தக் கூட்டுப் படையில் சேருகிற நகரப் போலீஸ்காரர் தன் கேமராவைக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்பதுதான் பழைய நிலை! 2019-ல் அட்லாண்டாவில் கூட்டுப் படை நடவடிக்கை ஒன்றில் நகரப் போலீஸ் அதிகாரி சுட்டு ஒரு இளைஞர் இறந்தார், படம் இல்லை. 'எங்கள் ஆட்களுக்குக் கேமரா இல்லையென்றால் எங்கள் ஆட்களே இல்லை' என்கிற மாதிரி அட்லாண்டா போலீஸ் தன் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரமும் இதே நிலை எடுத்தது. 2020 அக்டோபரில் மத்திய நீதித் துறை இறங்கி வந்து, கூட்டுப் படையில் உள்ள உள்ளூர் போலீசார் கேமரா அணியலாம் என்று ஒத்துக்கொண்டது. 2021 ஜூனில் தன் சொந்த அதிகாரிகளும் திட்டமிட்ட கைது, சோதனைகளின்போது அணிய வேண்டும் என்றது. 2022 மே மாதம் ஜனாதிபதி பைடன் போட்ட நிர்வாக ஆணை இதை மற்ற மத்திய அமைப்புகளுக்கும் விரித்தது. 2025 ஜனவரி 20, ஜனாதிபதி டிரம்ப் பதவியேற்ற அன்றே அந்த ஆணை ரத்து. டி.இ.ஏ. அந்த ஆண்டே தன் கேமராத் திட்டத்தை நிறுத்திவிட்டது.

அட்லாண்டா விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாநிலத்துக்கோ நகரத்துக்கோ மத்திய அதிகாரி மேல் கை வைக்க அதிகாரமில்லை, ஆனால் தன் ஆளைத் திரும்பக் கூப்பிட அதிகாரம் உண்டு. மத்திய அரசு மாநில அதிகாரிகளை வேலை வாங்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1997-ல் ஒரு துப்பாக்கிச் சட்ட வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இந்த ஒரு பிடி மாநிலத்தின் கையில் எப்போதும் இருக்கிறது.

2025 செப்டம்பரில் சிகாகோவில் குடியேற்ற அமலாக்கப் படைகள் பெரிய அளவில் இறங்கின. தெருவில் கண்ணீர்ப்புகை, கைது, கூச்சல். பத்திரிகையாளர்களும் போராட்டக்காரர்களும் மத்திய நீதிமன்றம் போனார்கள். நீதிபதி சாரா எல்லிஸ் அக்டோபரில் ஒரு உத்தரவு போட்டார்: கேமரா கொடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற அதிகாரிகள் அதை மாட்டிக்கொள்ளவும் வேண்டும், ஆன் செய்யவும் வேண்டும். அந்த மாதக் கடைசியில் எல்லைக் காவல் படையின் தளபதி கிரிகரி போவினோ கோர்ட்டுக்கு வந்தார். தளபதி நெஞ்சிலேயே கேமரா கிடையாது! வெள்ளிக்கிழமைக்குள் ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளச் சொன்னார் நீதிபதி.

நவம்பர் 20-ல் வந்த அவருடைய விளக்கத் தீர்ப்பு 233 பக்கம். அதிகாரிகள் எழுத்தில் சொன்னதும் அவர்களுடைய பாடி கேமராவே காட்டியதும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை என்று இடம் சுட்டிக் காட்டியிருந்தார். ஒரு அடிக்குறிப்பு நம்ம ரெக்கார்டு நோட் எழுதுகிறவர்களுக்குச் சுவாரஸ்யமாக இருக்கும். ஒரு அதிகாரி, நடந்ததை ஒரு சின்ன வாக்கியமாகச் சொல்லி, சில படங்களையும் போட்டு, ரிப்போர்ட்டை சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கியது அவருடைய கேமராவிலேயே பதிவாகியிருந்ததாம்! கேமரா இல்லாமல் இருந்திருந்தால் அந்த ரிப்போர்ட்தான் சத்தியம். ஆனால், அந்த உத்தரவு வரம்பு மீறி விரிந்திருக்கிறது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் முந்தின நாளே அதை நிறுத்தி வைத்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கவனித்தீர்களா? 'கேமரா மாட்டு' என்று உத்தரவிட்டது மத்திய நீதிமன்றம். இல்லினாய் மாநிலம் அல்ல. கேமரா சட்டத்தை அவ்வளவு நுணுக்கமாக எழுதின மாநிலம், தன் சொந்தத் தெருவில், கைகட்டி நின்றது. ஏன்?

நம்ம ஊர் உதாரணமாகச் சொல்கிறேன். போர்டு எக்ஸாமுக்குப் பறக்கும் படை வருமே! நம்ம பிரின்சிபால் தன் ஸ்டாஃப் அத்தனை பேரும் அடையாள அட்டை மாட்ட வேண்டும் என்று சர்க்குலர் விடலாம். பறக்கும் படைக்கு விட முடியுமா? அவர்கள் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்து ஆட்கள். அவர்களுக்கு இங்கே முதலாளி கிடையாது. ஆனால் அவர்களும் வண்டியை ஸ்டாண்டில்தான் நிறுத்த வேண்டும், கேட்டில் ஹார்ன் அடிக்கக் கூடாது. அது வேலைக்கு வைக்கிற நிபந்தனை அல்ல, வளாகத்துக்குள் வருகிற எல்லோருக்குமான பொது விதி. அமெரிக்கச் சட்டச் சண்டை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான்: எது நிபந்தனை, எது பொது விதி?

1787-ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஆறாவது பிரிவு, மத்தியச் சட்டமே நாட்டின் உச்சச் சட்டம் என்கிறது. 1818-ல் மேரிலாண்ட் மாநிலம் தன் எல்லைக்குள் இருந்த மத்திய வங்கியின் கிளைக்கு வரி போட்டது. 1819-ல் வழக்கு வந்தபோது தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் விடவில்லை. இன்றைக்கு வரி போட விட்டால் நாளைக்கு வரி போட்டே வங்கியை மூடிவிடலாமே! 1889-ல் கலிஃபோர்னியாவில் நடந்தது சினிமாக் காட்சி மாதிரி. லேத்ராப் ரயில் நிலையத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்டீஃபன் ஃபீல்ட் காலைச் சாப்பாட்டில் இருந்தார். பழைய பகையாளி டேவிட் டெர்ரி வந்து அவரை அறைந்தார். (டெர்ரியும் ஒரு காலத்தில் கலிஃபோர்னியாவின் தலைமை நீதிபதி, அதுதான் வேடிக்கை.) காவலுக்கு வந்திருந்த மத்திய மார்ஷல் நீகிள் டெர்ரியைச் சுட்டுக் கொன்றார். மாநிலம் நீகிளைக் கொலைக் குற்றத்தில் பிடித்தது. 1890-ல் உச்ச நீதிமன்றம், மத்தியக் கடமையைச் செய்யத் தேவையானதை மட்டும் செய்தவரை மாநிலம் தண்டிக்க முடியாது என்று விடுவித்தது. 'தேவையானதை மட்டும்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அந்த எல்லையைத் தாண்டினால் இந்தக் கவசம் கிடைக்காது. தாண்டினாரா இல்லையா என்று பார்க்கத்தான் சாட்சி வேண்டியிருக்கிறது.

நமக்கு நேராக வேண்டிய வழக்கு 1920-ல் வந்தது. ஒரு தபால் லாரி டிரைவர், அரசாங்க வண்டியில் தபால் மூட்டை ஏற்றிக்கொண்டு மேரிலாண்டிலிருந்து வாஷிங்டனுக்குப் போனார். மாநில லைசென்ஸ் இல்லை என்று பிடித்து அபராதம் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டது! நீதிபதி ஹோம்ஸ் சொன்னதன் சாரம்: இந்த ஆள் தபால் வண்டி ஓட்டத் தகுதியானவரா என்று முடிவு செய்ய வேண்டியது மத்திய அரசு, அதற்கு மேல் ஒரு தகுதியை மாநிலம் கேட்க முடியாது. ஆனால் தெரு முனையில் எப்படி வண்டியைத் திருப்ப வேண்டும் என்பது போன்ற பொது விதி அவருக்கும் பொருந்தலாம்.

பிரின்சிபால் சர்க்குலரும் ஸ்டாண்டும்தான் மறுபடி! இப்போது கேள்வி சுருங்கிவிட்டது. பாடி கேமரா என்பது லைசென்ஸா, தெருமுனைத் திருப்பமா? மத்திய அரசு வக்கீல்கள் லைசென்ஸ் என்பார்கள்: என் அதிகாரி என்ன கருவி மாட்டிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும் என்று நீ சொல்வது என் நிர்வாகத்தில் தலையிடுவது. மாநிலங்கள் திருப்பம் என்பார்கள்: யாரையும் பிடிக்காதே என்று சொல்லவில்லை, எங்கள் தெருவில் துப்பாக்கியோடு நடக்கிற எல்லோருக்கும் ஒரே விதி. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நேரடியாக 'மத்திய அதிகாரியே, கேமரா மாட்டு' என்று எழுதுகிற மாநிலச் சட்டம் தபால் டிரைவர் வழக்கில் இடித்துக்கொள்ளும். கேமரா என்பது வாங்கிக் கொடுக்க வேண்டிய கருவி. அதற்குப் பட்ஜெட், சர்வர், பயிற்சி எல்லாம் வேண்டும். அதைத் தெரு திருப்பத்தோடு சேர்ப்பது கஷ்டம்.

சட்டையில் பெயரோ எண்ணோ குத்திக்கொள்வது வேறு. அதற்குச் செலவு இல்லை, வேலையும் தடைப்படாது. கலிஃபோர்னியா 2025 செப்டம்பரில் இரண்டு சட்டம் போட்டது. ஒன்று, போலீஸ் வேலை செய்கிறவர்கள் முகமூடி அணியத் தடை. மற்றது, அடையாளம் தெரிய வேண்டும் என்பது. மத்திய அரசு வழக்குப் போட்டது. 2026 பிப்ரவரியில் நீதிபதி கிறிஸ்டினா ஸ்னைடர் முகமூடித் தடையை மத்திய அதிகாரிகள் மீது அமல்படுத்தாமல் நிறுத்தினார், அடையாள விதியை நிறுத்த மறுத்தார். முகமூடிச் சட்டம் ஏன் விழுந்தது தெரியுமா? மாநில அரசின் சொந்தப் போலீஸ் அதிகாரிகளை அதிலிருந்து விலக்கிவிட்டிருந்தார்கள்! தன் ஆளுக்கு இல்லாத விதியை அடுத்தவன் ஆளுக்குப் போடுவது பாரபட்சம். 2022-லும் வாஷிங்டன் மாநிலத்தின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் ஒன்றை இதே காரணத்துக்காக உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியிருந்தது. பாடம் தெரிந்தும் கோட்டை விட்டார்கள். இது முதல் படி நீதிமன்றத்தின் முடிவுதான், இதற்கு மேலே படிகள் உண்டு.

இல்லினாய் வேறு வழியில் போனது. எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த வழிதான். கொஞ்சம் பின்னணி வேண்டும். மாநிலப் போலீஸ்காரர் உங்கள் அரசியல் சட்ட உரிமையை மீறினால் அவர் மேல் நஷ்டஈடு வழக்குப் போட 1871 முதலே மத்தியச் சட்டம் இருக்கிறது. மத்திய அதிகாரி மீறினால் அப்படியொரு சட்டம் கிடையாது. 1965-ல் நியூயார்க்கில் பிவன்ஸ் என்பவர் வீட்டுக்குள் போதைப்பொருள் அதிகாரிகள் வாரண்ட் இல்லாமல் புகுந்தார்கள். 1971-ல் உச்ச நீதிமன்றமே முன்வந்து, வழக்குப் போடலாம் என்றது. ஆனால் பிந்தைய நீதிபதிகள் அந்தக் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தி, 2022-ல் ஏறத்தாழத் தாழ்ப்பாளே போட்டுவிட்டார்கள். எனவே இல்லினாய் தானே ஒரு கதவு வைத்தது. 2025 டிசம்பர் 9-ல் கவர்னர் பிரிட்ஸ்கர் கையெழுத்துப் போட்ட சட்டத்தில் ஒரு பகுதிக்குப் பெயரே இல்லினாய் பிவன்ஸ் சட்டம். குடியேற்ற அமலாக்கத்தின்போது அரசியல் சட்ட உரிமையை மீறிய அதிகாரி மேல் மாநிலச் சட்டப்படி வழக்குப் போடலாம். தண்டனை நஷ்டஈடு எவ்வளவு என்று முடிவு செய்யும்போது நீதிமன்றம் சிலவற்றைப் பார்க்கும்: முகமூடி போட்டிருந்தாரா, அடையாளம் காட்டினாரா, பாடி கேமராவைப் பயன்படுத்தினாரா.

பாருங்கள், இதில் 'மாட்டு' என்ற கட்டளையே கிடையாது. மாட்டாமலே வரலாம். உரிமையை மீறாமல் வேலையைப் பார்த்துப் போனால் ஒரு பைசா செலவில்லை. மீறினால், கேமரா இல்லாதது கணக்கில் ஏறும், அவ்வளவுதான். பொத்தானை அழுத்தச் சொல்லாமல், அழுத்தாததற்கு விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். மத்திய அரசு சும்மா இருக்குமா? அந்த மாதமே வழக்குப் போட்டது. விலை போடுவதும் ஒரு வகை வரிதானே, 1819 மேரிலாண்ட் கதைதானே என்பது அவர்களுக்குக் கிடைக்கும் வாதம். போதாக்குறைக்கு, மத்திய அதிகாரி மேல் மாநிலக் கோர்ட்டில் போடும் வழக்கை மத்தியக் கோர்ட்டுக்கு மாற்றிக்கொள்ள அவர்களுக்கு உரிமையும் உண்டு. எனவே இல்லினாய் வழி சுலபம் என்று நான் சொல்லவில்லை, புத்திசாலித்தனமானது என்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லோரும் கேமராவைப் பற்றியே பேசுகிறார்கள், டாக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2026 ஜனவரியில் மின்னசோட்டாவின் மினியாபொலிஸ் நகரில் குடியேற்ற நடவடிக்கையின்போது மத்திய அதிகாரிகள் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள், ஜனவரி 7-ல் ஒரு பெண், 24-ல் ஒரு ஆண். உலகம் பார்த்த படங்கள் பெரும்பாலும் வழிப்போக்கர்களின் செல்போன் படங்கள். முதல் சம்பவத்தில் மாநிலக் குற்றப் புலனாய்வுப் பிரிவு எஃப்.பி.ஐ.யோடு சேர்ந்து விசாரிக்க ஆரம்பித்தது, மறுநாளே சாட்சியங்களைப் பார்க்க விடாமல் விலக்கப்பட்டது. இரண்டாவது சம்பவத்தில் நீதிபதியிடம் வாரண்ட் வாங்கிக்கொண்டு போயும் மாநில அதிகாரிகளை இடத்துக்குள் விடவில்லை. சாட்சியத்தை அழிக்கக் கூடாது என்று மாநிலம் கோர்ட்டுக்கு ஓடித் தடை வாங்க வேண்டியிருந்தது. இப்போது யோசியுங்கள். அங்கே இருந்த ஒவ்வொருவர் நெஞ்சிலும் கேமரா இருந்து, ஒவ்வொரு விரலும் சரியாக அழுத்தியிருந்தாலும், கோப்பு போய்ச் சேருவது மத்திய அரசின் சர்வருக்கு. ஹேஷ் எண் சரியாகத்தான் இருக்கும், பூட்டின் சாவிதான் விசாரிக்கப்படுகிறவர் கையில் இருக்கும். ஆகவே ஒரு மாநிலம் இந்த விஷயத்தில் சட்டம் எழுத உட்கார்ந்தால், கேமரா மாட்டுவதைவிட, எடுத்த படத்தின் நகலை எத்தனை நாளில் மாநில விசாரணைக்குக் கேட்டு வாங்க முடியும் என்பதற்குத்தான் முதலில் வழி தேட வேண்டும் என்பேன். அங்கேயும் ஆறாவது பிரிவு குறுக்கே நிற்கும். ஆனால் ஒரு கொலை விசாரணைக்குச் சாட்சியம் கேட்பது, நிர்வாகத்தில் தலையிடுவது என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

அந்த இரண்டாவது மரணத்துக்குப் பிறகு, 2026 பிப்ரவரி 2-ல், மினியாபொலிஸில் களத்தில் உள்ள எல்லா அதிகாரிகளுக்கும் உடனே பாடி கேமரா, பணம் கிடைக்கக் கிடைக்க நாடு முழுவதும் என்று மத்திய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அறிவித்தது. மாநிலங்கள் வருஷக்கணக்கில் சட்டம் எழுதிப் பிடிக்க முடியாததை ஒரு அறிவிப்பு செய்துவிட்டது. 2022 ஆணையும் இப்படித்தான் வந்தது, 2025-ல் ஒரே கையெழுத்தில் போனது. போகாமல் இருக்க வேண்டுமென்றால் அமெரிக்க நாடாளுமன்றமே சட்டமாகப் போட வேண்டும். அதே பிப்ரவரியில் அந்தத் துறையின் பட்ஜெட்டை நிறைவேற்ற எதிர்க்கட்சியினர் வைத்த நிபந்தனைகளில் பாடி கேமராவும் ஒன்று. குடியேற்ற, எல்லைப் படைகளின் கேமராவுக்கென்று ஜனவரி மசோதாவிலேயே 2 கோடி டாலர் எழுதி வைத்திருந்தார்கள். கேமரா வாங்கப் பணம் எழுதியிருந்தது, அதை மாட்டியே தீர வேண்டும் என்ற வரிதான் அதில் இல்லை.